கண்ணாடி உருக்கும் உலைக்கு விறகும் உமியும் போதுமா? வன்னியிலிருந்து ஒரு கேள்வி

கதியால்வேலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் பழைய போத்தல்களைச் சேர்த்து உருக்கி, விளக்குக் கூடு, குவளை, தரையில் பதிக்கும் சிறு வில்லைகள் போன்றவற்றைச் செய்யும் ஒரு பட்டறையைத் தொடங்குவது பற்றி நாங்கள் சிலர் பேசி வருகிறோம். வன்னியில் சேரும் உடைந்த போத்தலைத் தெற்கே அனுப்பினால் லொறிக் கூலிக்கே பணம் போய்விடுகிறது. அதனால் பெரும்பகுதி குப்பை மேட்டிலும், குளக்கட்டு ஓரங்களிலும், வயல் வரம்புகளிலும் கிடந்து, காலில் ஏறுகிறது.

எங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது எரிபொருள் ஒன்றுதான். எரிவாயுவை நம்பித் தொடங்கினால் கட்டுபடியாகாது என்பது கணக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அத்துடன் 2022 ஆம் ஆண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் நின்ற காலத்தை நினைத்தால், வெளியிலிருந்து வரும் எண்ணெயை நம்பி ஓர் உலையை மூட்ட மனம் வரவில்லை. எங்களைச் சுற்றி அரிசி ஆலைகளின் உமி குவிந்து கிடக்கிறது. வேலியெங்கும் கிளிசரிடியா தழைத்து நிற்கிறது. பனங்காணிகளில் காவோலையும் மட்டையும் ஊமலும் உக்கிப் போகின்றன. இவற்றைக் கொண்டு கண்ணாடியை உருக்க இயலுமா, இயலுமாயின் எந்த அளவில் என்பதை, உலை வேலை தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

உலைவாய் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நான் தெற்கில் ஒரு போத்தல் தொழிற்சாலையில் உலைப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது வவுனியாவில் இருக்கிறேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் வெப்பநிலை. வெண்மணல், சோடாச் சாம்பல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைக் கலந்து புதிதாகக் கண்ணாடி செய்யும் பெரிய தொட்டி உலைகளில் ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸும் அதற்கு மேலும் தேவைப்படும். உடைந்த போத்தலை மட்டும் மீண்டும் உருக்குவதாயின் 1,250 முதல் 1,350 பாகை வரை போதும். நேரம் மட்டும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். உங்கள் எண்ணம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதால் பாதிக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. பெரிய உலைகளிலும் கலவையில் உடைந்த கண்ணாடியை ஒவ்வொரு 10 சதவீதம் கூட்டும்போதும் எரிபொருள் 2.5 முதல் 3 சதவீதம் வரை குறைகிறது. சுண்ணாம்புக்கல்லும் சோடாச் சாம்பலும் உருகும்போது தாமாகவே விடும் காபனீரொட்சைட்டும் அந்த அளவுக்கு இல்லாமற் போகிறது.

அடுத்தது, விறகை எப்படி எரிப்பது என்பது. விறகை உலைக்குள் நேரே போட்டு எரிக்கலாம் என்று எண்ண வேண்டாம். சாம்பல் பறந்து உருகிய கண்ணாடியின் மேல் விழும். அதிலுள்ள இரும்பு நிறத்தைக் கெடுக்கும். உருகாத துகள்கள் கல்லாக நின்று, ஆறும்போது பொருளை வெடிக்கச் செய்யும். அதைவிட மோசமானது பொற்றாசியம். விறகுச் சாம்பலிலுள்ள பொற்றாசியம் ஆவியாகி மேலெழுந்து உலையின் சிலிக்காச் செங்கல் வளைவைத் தின்னும். புகைவழியில் குளிர்ந்து உப்பாகப் படிந்து, காற்றைச் சூடாக்கும் செங்கல் அடுக்கின் துவாரங்களை அடைத்துவிடும். அடைபட்ட அடுக்கைத் திறந்து பார்த்திருக்கிறேன்: வெள்ளையும் மஞ்சளுமாகப் பாறை உப்பைப் போல இறுகியிருக்கும், கம்பியால் குத்தினாலும் இலகுவில் உதிராது.

ஆகவே விறகை வேறொரு கொள்கலத்தில், குறைந்த காற்றில் எரித்து வாயுவாக்கி, அந்த வாயுவை உலைக்கு அனுப்புவதே வழி. அதில் எரியக்கூடியவை காபனோரொட்சைட்டும் ஐதரசனும் சிறிதளவு மெதேனும்தாம்; ஏறக்குறையப் பாதி வெறும் நைதரசன். இயற்கை வாயுவின் ஒரு கன மீற்றர் 35 மெகா யூலுக்கு (யூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு) மேல் வெப்பம் தரும். விறகு வாயு 4 முதல் 6 மெகா யூல்தான் தரும். எனவே அதன் சுவாலை பல நூறு பாகை தணிந்தே எரியும். குளிர்ந்த காற்றுடன் எரித்தால் கண்ணாடி இளகும். ஆனால் குமிழ்கள் வெளியேறும் அளவுக்குத் தெளிவாக உருகாது.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழி புதியதன்று. 1856 இல் பிரடெரிக் சீமன்ஸ் உரிமம் பெற்ற மீள்வெப்ப உலையில், வெளியேறும் புகையின் வெப்பம் செங்கல் அடுக்குகளில் பிடித்து வைக்கப்பட்டு, பின்னர் திசை மாற்றி உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கப்பட்டது. நிலக்கரியிலிருந்து எடுத்த மெலிந்த வாயுவைக் கொண்டே 1860களில் கண்ணாடி உருக்கினார்கள். காற்றை மட்டுமல்லாமல் வாயுவையும் சேர்த்துச் சூடாக்கியதால் அது கைகூடியது. எனவே மெலிந்த வாயுவால் கண்ணாடி உருகுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உங்கள் இடத்தில், உங்கள் விறகின் ஈரப்பதனோடு அது நடக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நெற்களம் எழுதியது:

உமியைப் பற்றி நான் சொல்லலாம். எங்கள் குடும்பம் புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறது. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு தொன் நெல் குற்றினால் 200 கிலோ உமி வரும். அதில் ஒரு பகுதியை நெல் அவிக்கும் கொதிகலனுக்கே எரிக்கிறோம். மீதி செங்கல் சூளைக்கும் கோழிக் கூட்டுக்கும் போகிறது. கதியால்வேலி நினைப்பதுபோல் அது கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள் அன்று. அறுவடை முடிந்த மாதங்களில் மலையாகக் குவியும், இடைக்காலத்தில் ஒரு சாக்குக்கும் ஆள் நிற்கும்.

இன்னொன்று, உமி பாரமற்றது. லொறி நிறைய ஏற்றினாலும் தராசில் சொற்ப நிறைதான் காட்டும். ஆலையிலிருந்து தூரம் போகப் போகக் கூலி உமியின் பெறுமதியைத் தாண்டிவிடும். உமியை நம்புவதானால் பட்டறை ஆலையின் மதிலுக்கு அடுத்த பக்கத்தில் இருக்க வேண்டும்.

சாம்பல் விடயத்தில் ஐயா சொன்னது முற்றிலும் உண்மை. உமியின் நிறையில் 15 முதல் 20 சதவீதம் சாம்பலாக எஞ்சும். விறகிலோ ஒன்றிரண்டு சதவீதம்தான். தூய உமி எரிந்தால் சாம்பல் உமியின் வடிவத்திலேயே, வெண்சாம்பல் நிற ஓடாக நிற்கும். ஆனால் களத்து மண்ணும் வைக்கோல் துண்டும் கலந்து வந்த நாட்களில், கொதிகலன் அடித்தட்டில் பச்சையும் கறுப்புமாகப் பளபளக்கும் கட்டிகள் ஒட்டிப்போய்விடும். ஆறியபின் உளியால் கொத்தி எடுத்துப் பார்த்தால், உடைந்த முகம் போத்தல் ஓட்டைப் போலவே கூர்மையாக இருக்கும், கையை வெட்டும். வைக்கோலின் பொற்றாசியமும் மண்ணின் மணலும் சேர்ந்து அங்கேயே கண்ணாடியாகிவிடுகின்றன. உமியை வாயுவாக்கும் கொள்கலத்திலும் இதே கட்டி பிடித்தால் வாயு நின்றுவிடும். ஆகவே புடைத்த, மண் இல்லாத உமி மட்டுமே சரிவரும்.

இரணைமடு_நீர் எழுதியது:

நண்பர்களே, நாம் ஏன் இவ்வளவு சிறிதாகச் சிந்திக்க வேண்டும்? ஐரோப்பாவில் பெரிய நிறுவனங்களே தாவர எரிபொருளுக்கு மாறத் தொடங்கிவிட்டன. 2022 பெப்ரவரியில் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரிலுள்ள பில்கிங்டன் ஆலை, முழுவதும் உயிரி எரிபொருளைக் கொண்டே நான்கு நாட்கள் உலையை இயக்கி 165,000 சதுர மீற்றர் தட்டைக் கண்ணாடி செய்தது. அதே ஆண்டு மே மாதம் பிரான்சின் ஆனிஷ் ஆலையில் சென்-கோபேன் நிறுவனம், முழுக்க முழுக்க உடைந்த கண்ணாடியையும் உயிரிவாயுவையும் காபன் குறைந்த மின்சாரத்தையும் கொண்டு கண்ணாடி வார்த்துக் காட்டியது. வடமராட்சியில் வல்லிபுரம், அம்பன் பக்கங்களில் சிலிக்கா நிறைந்த வெண்மணல் இருக்கிறது. வன்னியில் காடு இருக்கிறது. ஆனையிறவைத் தாண்டினால் இரண்டும் சந்திக்கும். போரில் எல்லாம் இழந்த மாவட்டங்களுக்கு ஒரு பெரிய போத்தல் தொழிற்சாலை வந்தால் எத்தனை இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும்? இதைக் கேட்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

உலைவாய் எழுதியது:

கேட்பதில் தவறே இல்லை, தம்பி. வேலையில்லாமல் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு வழி தேடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பவன் நான். அதனாலேயே கணக்கை முன்வைக்கிறேன்.

நீங்கள் சொன்ன ஆலைகள் காட்டு விறகை எரிக்கவில்லை. கழிவிலிருந்து தயாரித்த, சாம்பல் இல்லாத திரவ எரிபொருளும் உயிரிவாயுவுமே அங்கு பயன்பட்டன. உலையின் சுடரைத் தவிர வேறெதையும் அவர்கள் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. நம்மிடம் இருப்பது திண்ம விறகு. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

நாளொன்றுக்கு 200 தொன் கண்ணாடி உருக்கும் நல்ல உலை, தொன்னுக்கு 4.5 கிகா யூல் கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900 கிகா யூல் (ஒரு கிகா யூல் என்பது 1,000 மெகா யூல்). நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகா யூல் தரும். வாயுவாக்கும்போது கால் பங்குக்கு மேல் இழந்தால் 11 எஞ்சும். ஆக நாளுக்கு 82 தொன் உலர் விறகு, ஆண்டுக்கு 30,000 தொன். ஹெக்டயருக்கு ஆண்டுதோறும் 10 தொன் உலர் விறகு கிடைப்பதாக எடுத்தாலும் 3,000 ஹெக்டயர், அதாவது 7,400 ஏக்கர் நிலத்தை உலைக்கென்றே ஒதுக்க வேண்டும். அவ்வளவு காணியை யாரிடமிருந்து எடுப்பது? மேலும் பெரிய கண்ணாடி உலை ஒருமுறை மூட்டினால் பத்து, பதினைந்து ஆண்டுகள் இரவு பகலாக அணையாமல் எரிய வேண்டும். அணைத்தால் செங்கல் வெடிக்கும், தொட்டியிலுள்ள கண்ணாடி உறைந்துவிடும். மாரி மழையில் விறகு நனைந்தது, பாதை வெள்ளத்தில் மூழ்கியது என்ற காரணங்களை உலை ஏற்காது. அப்படியொரு நாளில் முதலில் வெட்டப்படுவது பக்கத்துக் காடுதான். பாலையும் முதிரையும் வீரையும் வளர்ந்து நிற்க எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை வன்னியில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வல்லிபுரம் மணலைப் பற்றியும் ஒரு சொல். அந்த மணற்குன்றுகள் கடலைத் தடுத்து நிற்பவை. அவற்றின் அடியில்தான் அப்பகுதியின் நன்னீர் தங்குகிறது. கண்ணாடிக்கு ஏற்ற மணல் என்பது உண்மையே. அதற்காகவே அதை அள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மாந்தைத்துறை எழுதியது:

உலைவாய் ஐயாவின் கணக்குக்கு வரலாற்றிலும் சான்று உண்டு. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் காட்டுக்குள்ளேயே உலை அமைத்து, மரத்தை எரித்து, அதன் சாம்பலையே காரமாகக் கலந்து பச்சை நிறக் கண்ணாடி செய்தார்கள். இப்போது உலை வளைவைத் தின்னும் அதே பொற்றாசியம்தான் அன்று மணலை உருக வைத்தது. சுற்றியிருந்த மரம் தீர்ந்ததும் உலையைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குப் பெயர்ந்தார்கள். கப்பல் கட்ட மரம் இல்லாமற் போகும் என்ற அச்சத்தில் 1615 இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதையே தடை செய்தார். நிலக்கரி உலை பரவியது அதன் பிறகுதான்.

நம் பக்கமும் இதற்கு அந்நியமன்று. மன்னாரில் திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தை, பழைய துறைமுகம். அங்கு நடந்த அகழாய்வுகளில் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. மணி செய்யும் தொழிலும் அங்கே நடந்ததாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அந்த உலைகளுக்கு எண்ணெயோ நிலக்கரியோ வந்திருக்க வழியில்லை. இந்த மண்ணின் விறகே எரிந்திருக்கும். ஆனால் மணி செய்வதற்கு வேண்டிய கண்ணாடி கைப்பிடிக் கணக்கு, போத்தல் செய்வதற்கு வேண்டியது தொன் கணக்கு. விறகு தாங்கும் அளவு எது என்பதை மாந்தையின் மணிகளே காட்டுவதாக நான் கருதுகிறேன்.

குழைக்கட்டு எழுதியது:

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் தோட்டம் செய்யும் பெண். கிளிசரிடியாவைப் பற்றி எல்லோரும் சும்மா கிடக்கும் பொருள்போல எழுதுவதால் இதை எழுதுகிறேன். அந்த வேலியின் குழையைத்தான் நாங்கள் ஆட்டுக்குக் கட்டுகிறோம், வயலுக்குப் பசளையாகத் தாழ்க்கிறோம். தடித்த கொம்பை அடுப்புக்கும் புதிய கதியாலுக்கும் எடுக்கிறோம். பட்டறை வந்து நல்ல விலை கொடுத்தால், காசு முடையான வீட்டில் வேலியை மொட்டையாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள்; அடுத்த மாதம் ஆடு பட்டினி கிடக்கும், கட்டாக்காலி மாடு தோட்டத்துக்குள் நிற்கும்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. 2005 இல் அரசு கிளிசரிடியாவைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக அறிவித்தது. திருகோணமலையில் சீமெந்து ஆலையொன்று அதை எரித்து மின்சாரம் எடுக்கிறது. கொம்பு வெட்டி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. எங்கள் நிபந்தனை ஒன்றுதான். குழை எங்களுக்கு, கொம்பு உங்களுக்கு. இலையை உருவி எடுத்த பின் மிஞ்சும் தடியை மட்டும் வாங்குங்கள். இலை ஈரத்தைச் சுமந்து வரும் என்பதால் உங்களுக்கும் அது நல்லதுதானே?

உலைவாய் எழுதியது:

தங்கச்சி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். இலையும் இளந்தண்டும் ஈரத்தோடு சாம்பலையும் பொற்றாசியத்தையும் கொண்டுவரும். தடித்த கொம்பில் இரண்டும் குறைவு. ஆட்டுக்கு நல்லது எதுவோ அது உலைக்குக் கூடாது, உலைக்கு நல்லது ஆட்டுக்கு வேண்டாம். இதைவிடப் பொருத்தமான பங்கீடு அமையாது.

வெட்டிய பச்சைக் கொம்பின் நிறையில் பாதி நீர். அதைக் கொண்டு வாயு எடுத்தால், வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகி, உலை சிவந்து நின்றுவிடும், வெண்மையாகாது. ஈரப்பதன் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். கையளவு துண்டுகளாக நறுக்கி, தகரக் கூரையின் கீழ், நிலத்தில் படாமல் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். சிறுபோக வெயிலில் இது இலகு. மாரிக்கான விறகைப் புரட்டாசிக்கு முன்னரே உலர்த்தி அடுக்கிவிட வேண்டும். நிறுத்துப் பாருங்கள்: ஒரு துண்டை நிறுத்து, அடுப்பின் சூட்டில் முழுவதும் காயவிட்டு மறுபடி நிறுத்தால் ஈரப்பதன் தெரிந்துவிடும். கருவி எதுவும் வேண்டாம், நல்ல தராசு ஒன்று போதும்.

சிறிய பட்டறைக்கான கணக்கையும் தருகிறேன். நாளுக்கு 300 கிலோ உடைந்த கண்ணாடி என்று வைப்போம். சிறிய உலை வெப்பத்தை நாலாபக்கமும் இழப்பதால் பெரிய உலையைவிடத் தொன்னுக்கு நான்கு மடங்கு கேட்கும் என்று எடுத்தால் 5.4 கிகா யூல். ஏறத்தாழ அரைத் தொன் உலர் விறகு. ஆண்டுக்கு 180 தொன், 18 ஹெக்டயரின் விளைச்சல், அதாவது ஏறக்குறைய 45 ஏக்கர். சில கிராமங்களின் வேலிக் கொம்பும், ஆலையின் மிச்ச உமியும், பனங்காணி மட்டையும் சேர்ந்தால் எட்டக்கூடிய அளவு இது. அந்த விறகில் பெரும்பகுதி கண்ணாடியை உருக்குவதற்கு அல்லாமல் உலையைச் சூடாக வைத்திருக்கவே போகும் என்பதால், கண்ணாடி உருக்கும் கலத்தைச் சுற்றி நல்ல வெப்பத்தடுப்புச் செங்கல் வைப்பதற்குச் செலவழிக்கும் பணத்தைக் குறைக்க வேண்டாம்.

கதியால்வேலி எழுதியது:

இவ்வளவு தெளிவான பதில்கள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மேலும் இரண்டு ஐயங்கள் உண்டு. வாயுவை உலைக்கு அனுப்புமுன் குளிரவைத்து, அதனோடு வரும் தார் என்னும் கறுத்த பிசினை நீக்க வேண்டுமா? உமிச் சாம்பலில் சிலிக்கா நிறைய உண்டு என்பதால் அதையும் கண்ணாடிக் கலவையில் சேர்க்கலாமா?

உலைவாய் எழுதியது:

வாயுவில் ஓடும் இயந்திரத்துக்குத்தான் அதைக் குளிரவைக்க வேண்டும். உலைக்குச் சூடாகவே அனுப்புங்கள். தார் ஆவியாகவே வந்து எரிந்து வெப்பம் தரும். சுவாலைக்கு ஒளியும் கொடுக்கும். ஒளிரும் சுவாலையே கண்ணாடிக்கு வெப்பத்தை நன்றாக வீசும். குழாய் குட்டையாக, உட்புறம் செங்கல் பூசியதாக இருக்கட்டும். நீண்ட வெற்றுக் குழாயில் தார் உறைந்து அடைத்துவிடும். இடையில் வாயுவைச் சுழலவிட்டுத் தூசியைப் பிரிக்கும் சுழற்தூசிப் பிரிப்பான் ஒன்றை வைத்தால் சாம்பலின் பெரும்பகுதி அங்கேயே விழும். அதையும் மீறி வருவதைத் தடுக்க, வாய் மட்டும் வெளியே திறக்கும் மூடிய களிமண் கலத்தில் உருக்குங்கள். புகை கண்ணாடியைத் தொடாது. இங்கிலாந்தில் நிலக்கரிக்கு மாறியபோது அவர்கள் கண்ட வழி இதுவே. காற்றைச் சூடாக்க, புகைவழிக்குள் வெப்பம் தாங்கும் குழாய்களைப் பதித்து அவற்றின் ஊடாகக் காற்றை இழுப்பது சிறிய உலைக்குப் போதும்.

உமிச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. கொள்கையளவில் அது மணலுக்கு ஈடாகும். ஆனால் எரியாத கரி அதில் எஞ்சியிருந்தால் கண்ணாடி மஞ்சள் பழுப்பாகும். தனிச் சிலிக்காவை உருக்கச் சோடாவும் கூடுதல் வெப்பமும் வேண்டும். தொடக்கத்தில் அதில் கை வைக்காதீர்கள். சாம்பலைக் கையாளும்போது முகமூடி கட்டாயம். கடும் வெப்பத்தில் எரிந்த உமிச் சாம்பலின் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுத வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். விறகு வாயுவிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகையில் கசிந்தால் ஆள் தலைவலி என்று உட்கார்ந்த இடத்திலேயே உயிர் போகும். வாயுவாக்கும் கொள்கலத்தை நாற்புறமும் திறந்த கூரையின் கீழ் வையுங்கள். எச்சரிக்கும் உணர்கருவியை வாங்காமல் ஒரு நாளும் மூட்ட வேண்டாம். இரவுக் காவலில் ஒருவர் தனியே இருக்கக் கூடாது.

நெற்களம் எழுதியது:

எங்கள் ஆலையின் பின்புறத்தில் சீமெந்துக் களமும் பழைய தகரக் கொட்டகையும் சும்மா கிடக்கின்றன. சோதனை உலைக்கு அந்த இடத்தைத் தருகிறேன். உமியைப் புடைத்தும் தருகிறேன். தோட்டக்காரத் தங்கச்சியின் ஊர்க்காரர்கள் உருவிய கொம்பைக் கொண்டுவந்தால் எங்கள் தராசிலேயே நிறுத்து, ஈரத்தைக் கழித்து, உலர் நிறைக்கு விலை போடலாம். நெல்லுக்கு ஈரம் பார்த்து விலை வைப்பது எங்களுக்குப் பழக்கமான வேலை.

குழைக்கட்டு எழுதியது:

உலர் நிறைக்கு விலை என்றால், உலர்த்தும் வேலையை ஊரிலேயே பெண்கள் செய்து கூடுதல் விலைக்குக் கொடுக்கலாம். ஒரு வேலியை ஆண்டில் எத்தனை தரம் வெட்டலாம் என்பதையும் எழுத்தில் வையுங்கள். அதை மாதர் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

கதியால்வேலி எழுதியது:

அப்படியே எழுதுவோம். காட்டு மரம் ஒரு துண்டும் வாங்குவதில்லை என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியாகப் போடுகிறேன். அடுத்த மாதம் உலர்த்தும் தட்டுகளை அமைத்து, கொம்பின் ஈரப்பதனை வாரம் ஒருமுறை குறித்து வருகிறோம். அந்தக் கணக்கை இதே இழையில் பதிவேன். உலைவாய் ஐயா, மூடிய கலத்துக்கு ஏற்ற களிமண் ஒட்டுசுட்டான் பக்கத்தில் கிடைக்குமா, அல்லது வெப்பம் தாங்கும் மண்ணைத் தெற்கிலிருந்து வருவிக்க வேண்டுமா?

உலைவாய் எழுதியது:

ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் ஏற்ற மண்ணில் இரும்பு கூடுதல்; 1,300 பாகையில் அது தானே இளகிவிடும். கலத்துக்கு வெண்களிமண் கலந்த தீக்களிமண் வேண்டும்; அதைத் தெற்கிலிருந்தே எடுப்போம். வெளிச்சுவருக்கு மட்டும் நம்மூர்ச் செங்கல் போதும். களம் ஒழுங்கானதும் சொல்லுங்கள், வந்து அத்திவாரத்தின் அளவைக் குறித்துத் தருகிறேன்.